தகட்டுக் கவசம்: ரெடிமேடா, அளவெடுத்துச் செய்வதா?

1471-இல் நடந்த டியூக்ஸ்பரி போரை இங்கிலாந்தில் இன்றும் திருவிழாபோல் நடித்துக் காட்டுகிறார்கள். அங்கே 15-ஆம் நூற்றாண்டு வீரராக நிற்க ஆசைப்படுபவருக்கு முதலில் வரும் கேள்வி இதுதான்: உடம்பை மூடும் உலோகத் தகட்டுக் கவசத்தை ரெடிமேடாக வாங்குவதா, அளவெடுத்துச் செய்வதா?

ரெடிமேட் கவசம் விலை குறைவு, சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் மார்புத்தகடு பல நேரம் நீளமாக இருந்துவிடும். அந்தக் காலத்துத் தகடு இடுப்பு ஒடுங்கும் இடத்திலேயே முடியும். அப்போதுதான் பாரத்தில் ஒரு பங்கு இடுப்பில் இறங்கும், குனியவும் முடியும். நீளத் தகட்டோடு உட்கார்ந்து பாருங்கள், மேல் விளிம்பு தொண்டையில் வந்து இடிக்கும்!

அளவெடுத்துச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. செலவு பல மடங்கு, காத்திருப்பு மாதக்கணக்கு. உள்ளே அணியும் தடித்த துணிச்சட்டையை முதலில் தைத்து, அதைப் போட்டுக்கொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும். கால்கவசத்தைக் கயிறு போட்டுக் கட்டுவதும் அதில்தான். அப்புறம், இடையில் தொப்பை போட்டால் கொல்லர் பொறுப்பல்ல.

என்னைக் கேட்டால், தலைக்கவசத்தை ரெடிமேடாக வாங்கி உள்மெத்தையை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். மார்புக்கும் முழங்காலுக்கும் அளவு கொடுத்துவிடுங்கள்.