இலவச கேமுக்குக் காசு கொடுப்பது யார்? பட்ஜெட் ஆண்ட்ராய்டும் ஐபோனும்

வேலூர் சிஎம்சி மருத்துவமனை வளாகத்தில் முறைக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்து வந்த குடும்பம் லூடோ கிங் ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து நாற்காலியில் குடியாத்தத்துக்காரர் கேண்டி க்ரஷ்ஷில் மூழ்கியிருப்பார். இவர்களில் பெரும்பாலோர் பைசா கட்டுவதில்லை. ஆனாலும் கேண்டி க்ரஷ்ஷை உருவாக்கிய கிங் நிறுவனத்தை 2016-இல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் 590 கோடி டாலருக்கு வாங்கியது. சும்மா கிடைக்கிற விளையாட்டுக்கு இவ்வளவு விலை என்றால், காசு வேறு எங்கோ கைமாறுகிறது. எங்கே என்பது கையில் இருக்கும் போனைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும் ஆண்ட்ராய்டை எடுத்துக்கொள்வோம். அந்த விலையில் கம்பெனிக்குப் போனில் பெரிதாக ஒன்றும் நிற்காது. ரெட்மி போன்களை விற்கும் ஷாவ்மி 2018-இல், வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று அறிவித்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே கம்பெனி இணைய சேவை, விளம்பரம் என்ற இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. அங்கே லாப விகிதம் போன் வியாபாரத்தைவிடப் பல மடங்கு அதிகம். புது போனைத் திறந்ததுமே நாம் கேட்காத நாலைந்து கேம்கள் உட்கார்ந்திருப்பதும், நோட்டிஃபிகேஷனில் 'இதை ஆடிப் பார்' என்று வந்து நிற்பதும் இதனால்தான். குறைந்த விலையின் மிச்சத்தை நம் கண்ணிடம் வசூலிக்கிறார்கள்.

ஐபோன் நேர் எதிர். லாபத்தை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். வேலூர் வழியாகப் போகிற அதே பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரில்தான் ஃபாக்ஸ்கான் நிறுவனம் ஆப்பிளுக்காக ஐபோன்களின் பாகங்களைப் பொருத்தி அனுப்புகிறது. பெரிய லாபம் என்னவோ ஆப்பிளுக்குத்தான். பதிலுக்கு, வேண்டாத கேம் எதுவும் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வராது. அதற்காக ஆப்பிள் அதோடு விட்டுவிடுவதில்லை. கேமுக்குள் நீங்கள் வாங்கும் காயினில் 30 சதவீதம் கமிஷன் என்பது ஆப்பிள், கூகுள் இருவருக்குமே நீண்ட நாள் வழக்கம். 2021-இலிருந்து சிறிய நிறுவனங்களுக்கு 15 என்று குறைத்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. ஐபோனில் போன் விற்பவரும், கேம் இறக்கும் ஆப் கடையை நடத்தி கமிஷன் வாங்குபவரும் ஒருவரே. ஆண்ட்ராய்டில் கடை கூகுளுடையது. அதனால்தான் போன் கம்பெனிகள் தனியாக ஒரு ஆப் கடையும் வைத்து அதற்குள் நம்மை இழுக்கப் பார்க்கின்றன.

இந்தப் பிளவு புதிதில்லை. ஆங்ரி பேர்ட்ஸ் 2009-இல் ஐபோனில் 99 சென்ட்டுக்கு விற்றது. 2010-இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது இலவசம், கூடவே விளம்பரம். ஒரே விளையாட்டு, ஒரே கவண், வசூல் மட்டும் வேறு. அப்புறம் டெம்பிள் ரன்னும் விலையைத் தூக்கிவிட்டு இலவசமானது. இன்று இரண்டு பக்கமும் இலவசம்தான் வழக்கம். ஆகவே ஐபோன் வாங்கினால் கேமுக்குள் விளம்பரமே வராது என்று நம்ப வேண்டாம். லூடோ கிங் எந்தப் போனிலும் விளம்பரம் காட்டும்.

விளம்பரமா காயினா என்றால் நான் விளம்பரத்தின் பக்கம். முப்பது நொடி எரிச்சல், அவ்வளவுதான். காயின் வேறு ஜாதி. கேண்டி க்ரஷ்ஷில் ஐந்து உயிர், ஒன்று போனால் திரும்ப வர அரை மணி நேரம். இன்னும் ஒரு நகர்வு இருந்தால் ஜெயித்திருக்கலாம் என்ற இடத்தில்தான் வாங்கு பட்டன் வந்து நிற்கும். யூபிஐ வந்த பிறகு யோசிக்கக்கூட நேரமில்லை. (காசு கட்டி ஆடும் ரம்மியை இதோடு சேர்க்க வேண்டாம். அதை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டே தடை செய்துவிட்டது.)

மூன்றாவது வழி சந்தா: மாதாமாதம் பணம் கட்டி, ஒரு தொகுப்பில் உள்ள கேம்களை ஆடுவது. இந்தியாவில் ஆப்பிள் ஆர்கேட் 2019-இலும், கூகுளின் ப்ளே பாஸ் 2022-இலும் மாதம் 99 ரூபாய்க்கு அறிமுகமாயின. விளம்பரமும் இல்லை, காயின் தொல்லையும் இல்லை. பிள்ளைகள் கையில் போன் அதிகம் இருக்கும் வீட்டுக்கு இது சரி. காட்பாடியிலிருந்து சென்னை போகும் ரயிலில் மட்டும் ஆடுகிறவருக்கு வீண் செலவு.

கேமுக்காக மட்டும் ஐபோன் வாங்குவது என்னைக் கேட்டால் அர்த்தமில்லாத காரியம். நேரம் போக்கும் விளையாட்டுகளுக்குப் பட்ஜெட் ஆண்ட்ராய்டே தாராளம். வாங்கியதும் வேண்டாத கேம்களை அகற்றுங்கள், அவற்றின் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள், ப்ளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். லூடோவில் கம்ப்யூட்டரோடு ஆட டேட்டா தேவையில்லை. டேட்டாவை அணைத்துவிட்டு ஆடினால் விளம்பரத் தொல்லையும் பெருமளவு குறையும்.