மோனை, மெழுகு, கிரார்: ஆப்பிரிக்கக் கொம்பின் பாடல் தொகுப்புகளில் எதை வாங்குவது?

ஆப்பிரிக்கக் கொம்பு என்பது சோமாலியா, எத்தியோப்பியா, எரித்திரியா உள்ள வடகிழக்கு முனை. அங்கே பேசப்படும் சோமாலி, அம்ஹாரிக், திக்ரின்யா ஆகிய மூன்று மொழிப் பாடல்களையும் இணையக் கடைகள் 'எத்தியோப்பிய இசை' என்ற ஒரே அலமாரியில் அடுக்கிவிடுகின்றன. அங்கிருந்து கைக்கு வந்ததை எடுத்தால் பெரும்பாலும் சாக்ஸபோன் மட்டும் ஒலிக்கும் ஒரு ஜாஸ் தொகுப்புதான் கிடைக்கும். குரலைக் கேட்க வேண்டுமென்று தேடுபவர்களுக்காக சில தொகுப்புகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறோம். மூன்று மொழிகளும் பாட்டை மூன்று விதமாகக் கட்டுகின்றன. அந்தக் கட்டைத் தொகுப்பு புரியும்படி கொடுக்கிறதா என்பதுதான் இங்கே உரைகல்.

முதலில் வாங்க வேண்டியது 'ஸ்வீட் ஆஸ் புரோக்கன் டேட்ஸ்'. ஆஸ்டினாட்டோ ரெக்கார்ட்ஸ் 2017-இல் வெளியிட்டது, 15 சோமாலிப் பாடல்கள். சிறந்த வரலாற்றுத் தொகுப்புக்கான கிராமி விருதுப் பரிந்துரையும் பெற்றது. இராணுவ ஆட்சியாளர் சியாத் பாரேயின் காலத்தில் இசை அரசின் கையில் இருந்ததால் சோமாலியாவில் இசைத்தட்டுத் தொழில் பெரிதாக வளரவில்லை. பாட்டு வானொலி நிலையத்திலும் நாடக மேடையிலும் பிறந்தது; மக்கள் அதைக் கேசட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1988-இல் அதே அரசு வடக்கிலுள்ள ஹர்கெய்சா நகரத்தின் மீது குண்டு வீசியபோது, வானொலி நிலையத்து நாடாக்களை மண்ணுக்குள் புதைத்தும் எல்லை தாண்டிக் கொண்டுபோயும் சிலர் காப்பாற்றினார்கள். இப்போது ஹர்கெய்சாவின் ரெட்சீ அறக்கட்டளையிடம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேசட்டுகள் இருக்கின்றன. இந்தத் தொகுப்பு அந்தச் சேகரத்திலிருந்து வந்தது.

அதனால் ஒலித்தரத்தை ஸ்டுடியோப் பதிவோடு ஒப்பிடக் கூடாது. கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. பழைய பிளேயரில் அந்த வேகம் 3 சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய கால் ஸ்வரம் உயர்ந்துவிடும். 6 சதவீதம் கூடினால் முழு அரை ஸ்வரம். குரலை வைத்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். பின்னால் ஒலிக்கும் ஆர்கனைக் கவனியுங்கள். ஆர்கனின் சுருதி தானாக நகராது, ஆகவே நீண்ட ஸ்வரம் ஒன்று ஒழுங்கில்லாமல் நடுங்கினால் தள்ளாடுவது நாடாதான், வாசிப்பவர் அல்ல. இத்தொகுப்பில் இந்தத் தள்ளாட்டத்தைப் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள். இரைச்சலை முழுக்கத் துடைக்காமல் விட்டதும் சரியான முடிவு. மிகையாகத் துடைத்தால் இரைச்சலோடு சேர்ந்து மூச்சொலியும் சிம்பலின் மேல் ஒலியும் போய்விடும், பாடகி தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். யூடியூபில் கிடைக்கும் அதே காலத்துப் பாடல்கள் பலவற்றில் இந்தக் கோளாறு உண்டு.

இனி கட்டு. சோமாலிக் கவிதையின் உயிர் மோனை. கவிஞர் ஓர் ஒலியைத் தேர்ந்தால் பாட்டு முடியும்வரை வரிக்கு வரி அந்த ஒலியில் தொடங்கும் சொல் வந்தாக வேண்டும். தமிழ் மோனையில் அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ இன்னோர் இனம். சோமாலியில் எல்லா உயிரொலிகளும் ஒரே இனம்; மெய்யில் தொடங்கினால் மெய் ஒன்றினால் போதும், அதன்மேல் ஏறும் உயிர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. நம் மோனை பெரும்பாலும் அடிக்குள் முடிந்துவிடும். அங்கே பாடல் முழுவதற்கும் ஒரே மோனை. ஹிபோ நூரா பாடிய 'ஹத்தீ ஹோபல்கீ கபய்' பாட்டின் பெயரிலேயே ஹகரம் இரண்டு முறை விழுகிறது. மொழி தெரியாவிட்டாலும் ஹகரம் எங்கெங்கே விழுகிறது என்று விரலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். தாளத்துக்கு மேல் இரண்டாவது தாளம் ஒன்று ஓடுவது பிடிபடும். சோமாலிக் காதல் பாட்டில் தாள வாத்தியம் அடக்கமாக இருந்தாலும் அது தொய்யாததற்குக் காரணம் இதுதான்.

இந்த இடத்தில்தான் குறை. தொகுப்போடு வரும் குறிப்பேட்டில் வரலாறு, படங்கள், கலைஞர்களின் பேச்சு எல்லாம் நிறைய இருக்கின்றன, அதற்காகவே காசு கொடுக்கலாம். ஆனால் மோனையைப் பார்க்க மூலவரி வேண்டும். மொழிபெயர்ப்பில் முதலில் செத்துப்போவது மோனை. பாட்டுவரிகளைச் சோமாலி எழுத்திலேயே தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். 1972-இல் சோமாலிக்கு இலத்தீன் எழுத்து அதிகாரபூர்வமானபோது, அழுத்தமான ஹகரத்துக்கு 'எக்ஸ்' எழுத்தையும், தொண்டையடியில் பிறக்கும் ஒலிக்குச் 'சி' எழுத்தையும் ஒதுக்கினார்கள். ஆகவே பாடகர் ஹசன் ஆதன் சமதரை 'எச்' போட்டுத் தேடினால் பாதிப் பாடல்கள் வராது. 'எக்ஸ்' போட்டால் வரும். உமர் தூலே 'சி'யில் தொடங்குவார். நிம்ஓ ஜமாவின் பெயரில் நடுவே வரும் 'சி'யைப் பார்த்து 'நிம்கோ' என்று படிப்பவர்கள் ஏராளம். இரண்டு எழுத்து முறையிலும் தேடிப் பாருங்கள்.

அனலாக் ஆப்பிரிக்கா 2019-இல் வெளியிட்ட 'மொகதிஸ்கோ' இதற்குத் துணை, மாற்று அல்ல. மொகதிஷு வானொலிக் காப்பகத்தில் தேடி எடுத்த, 1972 முதல் 1991 வரையிலான ஆட்டப் பாடல்கள். பாஸ் கிட்டார் முன்னால் நிற்கும். ரெகே போலக் கேட்கும் தாளம் வந்தால் ஜமைக்காவிலிருந்து வந்த சரக்கு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தாந்தோ என்ற சோமாலி நாட்டுப்புற ஆட்டத்தின் நடையும் அப்படித்தான் பின்னடியில் அழுந்தும். ஆடுவதற்கு இது நல்ல தொகுப்பு. சொல்லுக்காகக் கேட்பவர்கள் முதல் தொகுப்போடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டிலும் இல்லாத ஒரு பகுதி கராமி: ஊத் என்ற நரம்புக் கருவி, கைத்தாளம், ஒரு குரல், அவ்வளவே. 1940-களில் அப்தி சினிமோ தொடங்கிவைத்த பல்வோ என்ற குறும்பாடல்களிலிருந்து வளர்ந்தது. அப்துல்லாஹி கர்ஷே, 2020-இல் இலண்டனில் மறைந்த ஊத் மேதை ஹுதெய்தி ஆகியோரின் பதிவுகளைத் தனியாகத்தான் தேட வேண்டும். தேடுங்கள். பின்னால் வந்த இசைக்குழுப் பாடல்களின் எலும்புக்கூடு அங்கே வெளிப்படையாகத் தெரியும்.

அம்ஹாரிக்குக்கு வந்தால் பாரிஸின் பூடா மியூசிக், பிரான்சிஸ் ஃபால்செட்டோவின் பொறுப்பில் வெளியிட்ட 'எத்தியோபிக்ஸ்' வரிசையைத் தாண்டிப் போக முடியாது. முப்பது தொகுதிகளைத் தொட்டுவிட்ட வரிசை. புதியவர்கள் செய்யும் தவறு நான்காம் தொகுதியை முதலில் வாங்குவது. அது முலாத்து அஸ்தத்கேயின் வாத்திய இசை. அருமையானது, ஆனால் அதில் குரல் இல்லை. குரலுக்கு ஏழாம் தொகுதி: மஹ்மூத் அஹ்மதின் 'எரே மெலா மெலா', 1975. அடுத்து பத்தாம் தொகுதி, 'திசிதா'.

திசிதா என்றால் நினைவு, ஏக்கம். அதுவே ஒரு பாட்டின் பெயர், ஒரு ஸ்வர வரிசையின் பெயரும்கூட. அதன் பெரிய வடிவம் ச ரி₂ க₃ ப த₂, நம் மோகனத்தின் ஸ்வரங்களேதான். சிறிய வடிவத்தில் காந்தாரமும் தைவதமும் அரை ஸ்வரம் இறங்கும். பாதி என்ற இன்னொரு வரிசையின் ஒரு வடிவம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களில் அமைகிறது. ஸ்வரம் ஒன்று என்பதற்காக இராகம் ஒன்றாகிவிடாது. மோகனத்தில் காந்தாரத்தில் நின்று இளைப்பாறுவோம். திசிதா பாடுபவர்கள் ஸ்வரத்தை விளிம்பில் உதறி, மெல்லிய நடுக்கத்தோடு கீழே வழியவிடுவார்கள். பத்தாம் தொகுதியில் இந்தப் பாட்டைப் பல பாடகர்கள் பாடியது ஒரே இடத்தில் கிடைக்கிறது. ஒருவர் எங்கே மூச்செடுக்கிறார், இன்னொருவர் எதை நீட்டுகிறார் என்று ஒப்பிட்டுக் கேட்கக் கிடைப்பதால் இந்த வரிசையிலேயே அதிகப் பயன் தரும் தொகுதி இதுதான்.

அம்ஹாரிக் வரிகள் இயைபில் முடிபவை. பொருள் மெழுகிலும் பொன்னிலும் இருக்கும். 'மெழுகும் பொன்னும்' என்பதே அந்த உத்தியின் பெயர். பொற்கொல்லர் மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் பொன்னை வார்க்கிறார். கேட்பவரும் மேலோட்டமான பொருளை உருக்கி ஊற்றிவிட்டு உள்பொருளை எடுக்க வேண்டும். நம் சிலேடை போலத்தான், சொல்லை வேறிடத்தில் பிரித்தால் வேறு பொருள் வரும். 1974-க்குப் பிந்தைய இராணுவ ஆட்சியின் தணிக்கைக்கு நடுவே காதலிக்கு எழுதிய பாட்டு காதலியோடு நிற்காததற்கு இந்தப் பழக்கம் கைகொடுத்தது.

முதலாம் தொகுதி வரலாற்றுக்காக: ஆம்ஹா எஷெத்தே 1969-இல், இசைத்தட்டு வெளியிடும் உரிமை அரசு சார்ந்த நிறுவனத்துக்கே என்ற ஆணையை மீறித் தொடங்கிய ஆம்ஹா ரெக்கார்ட்ஸின் பாடல்கள். ஊதுகுழல்கள் ஏன் இவ்வளவு கட்டுப்பாட்டோடு ஒலிக்கின்றன என்று கேட்கலாம். வாசித்தவர்களிலும் பாடியவர்களிலும் பலர் படைப்பிரிவு இசைக்குழுக்களில் வளர்ந்தவர்கள். திலாஹுன் கெசெஸெயும் மஹ்மூதும் பேரரசரின் மெய்க்காவல் படைக்குழுவில் பாடியவர்கள். திலாஹுனுக்குத் தனியாகப் பதினேழாம் தொகுதி இருக்கிறது. ஏழு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே இடம் என்பதால், பாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அது தொகுப்பாளரின் வெட்டு அல்ல.

இந்த வரிசையில் பெயர்களைப் பிரெஞ்சு உச்சரிப்புக் குறிகளோடு அச்சிட்டிருக்கிறார்கள், ஆகவே தேடலில் குறியோடும் குறியில்லாமலும் போட்டுப் பார்க்க வேண்டும். எத்தியோப்பியர்களின் இரண்டாம் பெயர் தந்தையின் பெயர், குடும்பப் பெயர் அல்ல. அலமாரியில் மஹ்மூத் 'ம'வில்தான் இருக்க வேண்டும். பல கடைகள் அவரை 'அ'வில் தள்ளிவிடுகின்றன.

திக்ரின்யாவுக்கு இந்த வரிசை கொடுத்திருப்பது ஐந்தாம் தொகுதி, 1970 முதல் 1975 வரை. இதுவும் கட்டாயம் வேண்டும். தெவெல்தே ரெத்தாவின் மின்கிட்டாரைக் கேளுங்கள்: மேற்கத்திய கார்டு வாசிப்பு அதில் கிடையாது, கிராரின் வாசிப்பு கிட்டாருக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. கிரார் ஐந்து அல்லது ஆறு நரம்புள்ள யாழ். வலக்கை எல்லா நரம்புகளையும் ஒன்றாக வருடும். இடக்கை விரல்கள் வேண்டாத நரம்புகளை உள்பக்கத்திலிருந்து தொட்டு அடக்கும். விரல் விலகிய நரம்பு மட்டும் பாடும், மற்றவை 'டக்' என்று மரத்தைத் தட்டியதுபோல் ஒலிக்கும். அந்த 'டக்'தான் தாளம். போன் ஸ்பீக்கரில் இது காணாமல் போய் வெறும் உலோகக் கிணுகிணுப்பு மிஞ்சும். சாதாரண ஹெட்போன் ஒன்று போதும், ஆனால் பாஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பெரிய மத்தளமான கெபெரோவின் அடி கிராரை விழுங்கிவிடும்.

தொகுதியின் குறை, அது எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவின் கதையில் சிறு பங்குதான். எரித்திரிய விடுதலைப் போரின்போது நாட்டைவிட்டுப் போன குரல்கள், யெமானே பாரியா போன்றவர்களின் ஏக்கப் பாடல்கள், 2006-இல் மசாவா கடலில் உயிரிழந்த ஆப்ரஹாம் அஃபெவெர்கி எல்லாம் பிந்தைய காலம். அவர்களுக்கு இவ்வளவு கவனமாகச் செய்த தொகுப்பு தேவை. இன்றைய திக்ரின்யாப் பாடல்களில் கீபோர்டும் டிரம் மெஷினும்தான் கெபெரோவின் வேலையைச் செய்கின்றன. அதைக் குறையென்று ஒதுக்க வேண்டாம். எத்தியோப்பியக் கீபோர்டு கலைஞர் ஹைலு மெர்கியா வாஷிங்டனில் இருந்தபோது 1985-இல் அக்கார்டியன், சின்தசைசர், டிரம் மெஷின் கொண்டு தனியாளாகச் செய்த கேசட் 2013-இல் மறுபதிப்பானது. திசிதாவின் ஏக்கம் மின்கருவியிலும் கெடாமல் இருப்பதற்கு அதுவே சாட்சி.

கையில் இன்னும் காசு இருந்தால் தெசேஹாய்து பெராக்கியின் 'செலாம்', டெர்ப் ரெக்கார்ட்ஸ், 2004. இரண்டு குறுந்தகடுகள். கிராரைத் தானே வாசித்துப் பாடியவர், 2018-இல் மறைந்தார். ஐந்தாம் தொகுதியில் கிட்டாருக்குப் போன அந்த 'டக்' இங்கே பிறந்த இடத்திலேயே, ஒரு வயதான பெண்ணின் விரல் நுனியில் கேட்கும். இரண்டாம் தகடுவரை ஒலியளவைக் கூட்டாமல் கேளுங்கள்.