நிழலுரு போஸ்டர்: த்ரெஷோல்டா, செலக்ட் சப்ஜெக்டா, பென் டூலா?

2003-இல் வந்த ஆப்பிள் ஐபாட் விளம்பரங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பளீரென்ற ஒற்றை நிறப் பின்னணி, அதில் ஆடும் கன்னங்கரிய உருவம், காதிலிருந்து கைவரை வளைந்தோடும் வெள்ளை வயர், வெள்ளை ஐபாட். டிபிடபிள்யூஏ ஷயாட் டே என்ற விளம்பர நிறுவனம் செய்த வேலை அது. அந்தப் பாணியில் போஸ்டர் செய்ய ஆசைப்படாத டிசைனர் குறைவு. “ஆளை வெட்டு, கறுப்பு நிரப்பு, பின்னணிக்கு நிறம் கொடு” என்று மூன்றே வரியில் சொல்லிவிடலாம். அந்த முதல் வரியில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

நிழலுருவில் கண், மூக்கு, சட்டை மடிப்பு எதுவும் தெரியாது. மிச்சம் இருப்பது வெளிக்கோடு மட்டும். அதனால் ஆளை வெட்டும் மூன்று வழிகளை (த்ரெஷோல்ட், செலக்ட் சப்ஜெக்ட், பென் டூல்) வேகத்தை வைத்து ஒப்பிடுவதைவிட, எது எப்படிப்பட்ட விளிம்பைத் தருகிறது என்று பார்ப்பதே சரி.

த்ரெஷோல்ட்

ஃபோட்டோஷாப்பில் இமேஜ் மெனுவில் அட்ஜஸ்ட்மெண்ட்ஸுக்குள்ளும், இலவச மென்பொருளான ஜிம்ப்பில் கலர்ஸ் மெனுவிலும் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெளிச்சமுள்ள புள்ளிகள் வெள்ளையாகும், மற்றவை கறுப்பாகும். ஃபோட்டோஷாப்பில் திறந்தவுடன் 128 என்று நிற்கும் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை). ஆளுக்குப் பின்னால் வெளுத்த வானமோ வெயில் விழும் ஜன்னலோ இருந்தால் இதை அடிக்க வேறு வழி இல்லை. பின்னணி 240, ஆள் 30 என்று இடைவெளி இருக்கும்போது 100 வைத்தாலும் 150 வைத்தாலும் விளிம்பு ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். பத்து நொடி வேலை.

சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இதே முறை கழுத்தறுக்கும். வெள்ளைச் சட்டையும் கன்னமும் ஓட்டையாகிவிடும், காலடி நிழல் காலோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டை உருவத்தின் நடுவில் இருந்தால் கவலை வேண்டாம், கறுப்பு பிரஷ்ஷால் பூசிவிடலாம். அது விளிம்பைத் தொட்டால்தான் தொல்லை. அங்கே வெளிக்கோட்டை நாமே ஊகித்து வரைய வேண்டியிருக்கும்.

இன்னொரு குறை, விளிம்பு படிக்கட்டாக வருவது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் புள்ளியே இல்லாததுதான் காரணம். த்ரெஷோல்டுக்குப் பிறகு 2 அல்லது 3 பிக்சல் காஸியன் ப்ளர் கொடுத்து, லெவல்ஸில் (கறுப்பு, வெள்ளை எல்லைகளை நகர்த்தும் கருவி) கறுப்பை 110-க்கும் வெள்ளையை 145-க்கும் இழுத்தால் கோடு வழவழப்பாகும். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இதற்கு எடுக்கவே வேண்டாம். ஜேபெக் சுருக்கம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்கிறது. அழுத்திச் சுருக்கிய படத்தில் அந்தக் கட்டங்கள் விளிம்பிலேயே பல் பல்லாகத் தெரியும்.

செலக்ட் சப்ஜெக்ட்

2018-இல் ஃபோட்டோஷாப்பில் வந்தது. ஒரே சொடுக்கில் ஆளைத் தேர்ந்துவிடும். பிறகு செலக்ட் அண்ட் மாஸ்க் போய் ஸ்மூத் 3 முதல் 5, கான்ட்ராஸ்ட் 20 சதவீதம் வைத்து, லேயர் மாஸ்க்காக (கறுப்பு பூசிய இடத்தை மறைக்கும் திரை) வெளியே எடுத்து, கலர் ஓவர்லே ஸ்டைலில் கறுப்பைப் போட்டால் உருவம் தயார். வழக்கமாக ஆளை வெட்டி வேறு பின்னணியில் வைக்கும்போது பழைய பின்னணியின் நிறம் ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்து மானத்தை வாங்கும். இங்கே எல்லாம் கறுப்பாகிவிடுவதால் அந்தத் தலைவலி கிடையாது. அதனாலேயே பலர் இதை நம்பி ஏமாறுகிறார்கள்.

ஏமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இடுப்பில் கை வைத்து நிற்பவரின் கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் முக்கோணத்தை அடைத்துவிடும். விரல்களை ஒட்டவைத்துக் கரண்டி போல ஆக்கிவிடும். சுருட்டை முடியை அரைகுறையாகத் தேர்ந்து, தலையைச் சுற்றி அழுக்குப் புகை மாதிரி விட்டுவைக்கும். முக்கோணத்தை மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷால் திறக்கலாம். புகைக்கு, மாஸ்க்கைச் சொடுக்கி லெவல்ஸில் 60, 190 என்று இரு முனையையும் உள்ளே இழுத்தால் அரைகுறைப் புள்ளிகளில் பெரும்பகுதி போய்விடும். விரல்களுக்குக் குறுக்கு வழி இல்லை, கையால்தான் திருத்த வேண்டும்.

ஜிம்ப்பில் இப்படி ஒரு சொடுக்கு வசதி கூடவே வருவதில்லை. இருப்பது ஃபோர்கிரவுண்ட் செலக்ட். சுற்றித் தோராயமாக ஒரு கோடு போட்டு, ஆளின் மேல் கிறுக்கிக் காட்டினால் மிச்சத்தை அது கணிக்கும். பெரிய படங்களில் ஆமை வேகம். படத்தைச் சிறிதாக்கிப் பழகிப் பார்த்த பிறகு முழு அளவில் செய்வது நல்லது.

பென் டூல்

புள்ளி புள்ளியாக வைத்து வெளிக்கோட்டை நாமே வரையும் கருவி இது. முழு உருவத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

ஃபோட்டோஷாப்பில் பென் டூலை எடுத்ததும் மேலே உள்ள பட்டையில் பாத் என்பதை ஷேப் என்று மாற்றுங்கள். ஷேப் லேயரின் ஒபாசிட்டியை 40 சதவீதமாகக் குறைத்தால் அடியில் படம் தெரியும். கோடு திரும்பும் இடத்தில் மட்டும் புள்ளி வையுங்கள்: தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், குதிகால். ஓர் ஆளுக்கு நூறு புள்ளிக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். நெருக்க நெருக்கப் புள்ளி வைத்தால் கோடு நடுங்கியது போல இருக்கும். புதிதாகப் பழகுபவர்களின் வேலையைக் காட்டிக்கொடுப்பது இதுதான். கூர்மையாகத் திரும்ப வேண்டிய இடத்தில் ஆல்ட்டை அழுத்திப் புள்ளியைச் சொடுக்கினால் அடுத்த வளைவின் பிடி அறுந்துவிடும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள சந்துக்கு, சப்ட்ராக்ட் ஃப்ரண்ட் ஷேப் என்று மாற்றி இன்னொரு வளையம்.

மற்ற இரண்டு வழிகளும் படத்தில் இருப்பதை மட்டுமே எடுக்கின்றன. பென் டூலில் பொய் சொல்ல முடியும், நிழலுருவுக்குக் கொஞ்சம் பொய் தேவை. விரல்களுக்கு நடுவே உள்ள சந்தை நிஜத்தைவிட இம்மி அகலமாக்கலாம். மோவாயைச் சற்றுத் தூக்கலாம். காற்றில் பறக்காத துப்பட்டாவைப் பறக்கவிடலாம்.

அளவிலும் இதுவே கெட்டி. ஏ3 போஸ்டர் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508×4961 பிக்சல். 8×4 அடி ஃப்ளெக்ஸ் 72 டிபிஐ-யில் 6912×3456. சின்னப் படத்தில் த்ரெஷோல்ட் செய்து இவ்வளவுக்கு இழுத்தால் விளிம்பு கிழிந்துவிடும். ஷேப் லேயர் எவ்வளவு இழுத்தாலும் கூர்மையாகவே இருக்கும். மூலப்படம் ஆயிரம் பிக்சல்தான் என்றாலும் பரவாயில்லை.

காசு செலவழிக்காமல் இதே பலன் வேண்டுமானால் இங்க்ஸ்கேப். ஜிம்ப்பில் கறுப்பு வெள்ளையாக்கிச் சுத்தம் செய்த படத்தை உள்ளே கொண்டுவந்து ட்ரேஸ் பிட்மேப் கொடுத்தால் வெக்டார் (எவ்வளவு இழுத்தாலும் கூர்மை குறையாத கோட்டுப்படம்) ஆகிவிடும். அதன் பிறகு சிம்ப்ளிஃபை கட்டளையை ஒருமுறைக்கு மேல் அழுத்தாதீர்கள். இரண்டாம் முறையிலேயே விரல் நுனிகள் உருண்டையாகிவிடும். பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீயிலும் பென் டூலும் ஷேப் லேயரும் ஃபோட்டோஷாப் போலவே இருக்கின்றன, பிஎஸ்டி கோப்பும் திறக்கும். பழகுவதற்கு அது போதும்.

எந்த வழியானாலும் படமே தப்பாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பறை அடிப்பவரை நேர் எதிரே நின்று எடுத்தால் பறை உடம்போடு கரைந்துபோய், வெறும் பருத்த ஆளாகத் தெரிவார். நாதஸ்வரக்காரரைப் பக்கவாட்டில் எடுத்தால் வேறெதுவும் வேண்டாம். வேலையைத் தொடங்குமுன் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். என்ன செய்கிறார் என்று அப்போதும் புரிந்தால் மேலே போகலாம்.

அடுத்து வெள்ளை வயர். இதற்குப் போட்டியே கிடையாது, பென் டூலில் பாத் வரைந்து வெள்ளை ஸ்ட்ரோக் கொடுப்பதுதான். ஏ3-இல் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர், அதாவது 300 டிபிஐ-யில் 18 முதல் 24 பிக்சல். அதைவிட மெலிந்தால், அச்சின் நான்கு மைகளும் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) ஒன்றின்மேல் ஒன்று பதியும்போது இம்மி விலகினாலும் கறுப்பின் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு அடைபடும். வயர் கறுப்பிலும் தெரிய வேண்டும், உருவத்தை விட்டு வெளியே வந்த பின் பின்னணி நிறத்திலும் தெரிய வேண்டும். இளமஞ்சளில் வெள்ளை காணாமல் போகும். மஞ்சள்தான் வேண்டுமென்றால் ஆரஞ்சுப் பக்கம் தள்ளுங்கள்.

நிறத்தைத் திரையை நம்பி முடிவு செய்யக் கூடாது. திரையில் ஜொலிக்கும் நியான் பச்சை, அந்த நான்கு மைகளால் அச்சிடும் சிஎம்ஒய்கே-யில் மங்கிப்போகும். மெஜந்தா 100 சதவீத இளஞ்சிவப்பு அச்சு மையிலேயே இருப்பதால் ஏமாற்றாது. ஆஃப்செட் அச்சில் பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் கே 100 (கறுப்பு மை மட்டும்) கொடுத்தால் சாம்பல் பூத்தது போலத் தெரியும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 கொடுத்தால் உருவம் அட்டைக்கரியாக நிற்கும். மொத்த மை 240 சதவீதம்தான் என்பதால் பூச்சுத்தாளில் காய்வதற்கும் சிரமமில்லை. ஓரத்தில் வரும் பொடி எழுத்துகளுக்கு மட்டும் தனி கே 100.