கிராமப்ரியா கோழிக்குஞ்சு வாங்கின கதை

எங்க வீட்ல எப்பவும் சிறுவிடை நாட்டுக்கோழிதான், வருஷத்துக்கு 60-80 முட்டை, ஒரு ஈடு போட்டு முடிச்சதும் அடைக்கு உக்காந்துரும், அப்புறம் குஞ்சோட சுத்தும், முட்டைக்கு நாம கடைக்குதான் போகணும். அதான் போன வருஷம் ஒரு மாச கிராமப்ரியா குஞ்சு 20 வாங்குனேன். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் பல தலைமுறையா பொறுக்கி எடுத்த கோழி வம்சங்களை கலந்து உருவாக்குன ரகம், 72 வார வயசுக்குள்ள 200 முட்டைக்கு மேலன்னு சொல்றாங்க.

ஆறாவது மாசம் முடியுற நேரத்துல ஒருநாள் காலைல வைக்கோல் கூடைல பழுப்பு கலர்ல ஒன்னு, கையில எடுத்தா இன்னும் சூடா இருந்துச்சு. இப்ப 9 பெட்டைல தினம் 5, 6 கிடைக்குது, மேய்ச்சலோட கொஞ்சம் தீவனமும் போடணும், வெறும் குப்பைய கிளறி இவ்ளோ முட்டை வராது.

குறைன்னா, அடைக்கு உக்காராது, அந்த குணத்தை கழிச்சதாலதானே இவ்ளோ முட்டையே. குஞ்சு வேணும்னா சிறுவிடை அடியில வச்சு 21 நாள் காத்திருக்கணும், ஆனா கலப்பு ரகம், அடுத்த தலைமுறை இதே மாதிரி போடாது, திரும்ப வாங்கதான் வேணும்.

குஞ்சு குடுத்த பண்ணைக்கு மட்டும் 2 ஸ்டார். எல்லாம் பெட்டைன்னு காசு வாங்கிட்டு 8 சேவலை தள்ளிவிட்டாரு, கேட்டா "சின்னதுல தெரியாதுங்க"ன்னாரு. மூணு குஞ்சு வெள்ளைக்கழிச்சல் நோய்ல செத்துப்போச்சு, தடுப்பூசி போட்டாச்சான்னு எழுதி வாங்கிக்கோங்க. சேவல் எல்லாம் ஆடிக்கு குழம்பாயிருச்சு, ருசி சிறுவிடை கிட்டகூட வராது.