பழைய ப்ரோப் வாங்குகிறவர்களே, ரிப்போர்ட்டை நம்பி ஏமாறாதீர்கள்

மூன்று மாத வருமானம் போச்சு. நேற்று இரவுதான் உறுதியானது, கை இன்னும் நடுங்குகிறது. பழைய மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் எங்கள் ஸ்கேன் சென்டருக்காக லீனியர் ப்ரோப் (அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் உடம்பில் வைத்துப் பார்க்கும் கருவி, இந்த வகைக்கு முகப்பு தட்டை) ஒன்று வாங்கினேன். என்னென்ன சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் விழுந்தது வீடியோ காலில். விற்றவர் ப்ரோபைத் தன் கழுத்திலேயே வைத்துக் காட்டினார். தைராய்டு, பக்கத்தில் துடிக்கும் கரோடிட் ரத்தக்குழாய், எல்லாம் பளிச். "தம்பி மாதிரி சொல்றேன் சார், டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புவோம்" என்றார். ஃபாண்டம் (ப்ரோபைச் சோதிக்க, உள்ளே நைலான் இழைகள் பதித்த செயற்கைத் திசுக் கட்டை) படத்தோடு க்யூஏ ரிப்போர்ட்டும், அதாவது தரச் சோதனை அறிக்கையும் வந்தது: 3 செ.மீ. ஆழத்தில் பக்கவாட்டு ரெசல்யூஷன் 1 மி.மீ., அதாவது பக்கவாட்டில் 1 மி.மீ. தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். அன்றே முழுப் பணத்தையும் அனுப்பினேன். மூன்று மாத வருமானம்!

வந்ததும் எங்கள் ஃபாண்டத்தில் வைத்தேன். புள்ளியாகத் தெரியவேண்டிய நைலான் இழை கோடாக இழுத்துக்கொண்டு நின்றது. 1 மி.மீ. தள்ளியிருக்கும் இரண்டு இழைகள் ஒட்டி ஒன்றாகிவிட்டன. ஜெல்லைத் துடைத்துவிட்டுக் காற்றில் பிடித்தால், மேலே வரும் கோடுகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை. பேப்பர் கிளிப்பை முகப்பில் மெல்ல நகர்த்தினேன். அந்த இடம் வந்ததும் எதிரொலி காணவில்லை. ஒலியை அனுப்பி வாங்கும் எலிமென்ட்கள் செத்துக் கிடக்கின்றன. கழுத்தில் வைத்துக் காட்டியது இதே ப்ரோப்தானா என்பதே இப்போது சந்தேகம்.

போன் செய்தால் முதலில் "கெயினை ஏத்துங்க சார்". அடுத்த நாள் "ஃபோகஸ் தப்பா வெச்சிருப்பீங்க". அப்புறம் "உங்க ஃபாண்டம் காய்ஞ்சிருக்கும்". நீர் வற்றினால் ஃபாண்டத்தில் ஒலி வேகம் உடல் திசுவுக்கு வைத்த 1540 மீ./வி. இல் நிற்காது, அளவுகள் பிசகும் என்பது உண்மைதான். அதனால் ஃபாண்டத்தை எடை போட்டுப் பார்த்தேன், லேபிளில் உள்ள அதே எடை. எங்கள் பழைய ப்ரோப் அதே இழைகளைத் தனித்தனியாகக் காட்டுகிறது. கடைசியில், டெஸ்ட் செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

அப்புறம்தான் ரிப்போர்ட்டை ஒழுங்காகப் பார்த்தேன். படத்தின் மேல் விளிம்பு வளைந்திருக்கிறது! லீனியர் ப்ரோபுக்கு எப்படி ஐயா அது வளையும்? ஏதோ கான்வெக்ஸ் (வளைந்த முகப்புள்ள) ப்ரோபின் ரிப்போர்ட்டை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்துப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். காற்றில் பிடித்த படத்தைக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் சீரியல் எண் இருக்கிறதா பாருங்கள், என்னுடையதில் இல்லை. சோதித்து முடிக்கும்வரை முழுப் பணம் வேண்டாம். மீதியை அப்புறம் எழுதுகிறேன், தளத்தின் புகார்ப் பிரிவு அரைமணி நேரமாக லைனில் காக்க வைத்திருக்கிறது.