வடிவமைப்பு எங்கே சறுக்கும்? மூன்று முறைகளும் ஒரு வாக்குச்சீட்டும்

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். புளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் முதியவர்கள் அதிகம் என்பதால் வாக்குச்சீட்டின் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கங்களிலும் பரவின. துளையிடும் இடங்கள் மட்டும் நடுவில் ஒரே வரிசை. இடப்பக்கத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் பெயர் இரண்டாவது. ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த சிறு கட்சி வேட்பாளர் பாட் புகேனனுக்கு உரியது. அந்தக் கவுண்டியில் புகேனனுக்கு 3,400-க்கும் மேல் வாக்குகள் விழுந்தன. ஒன்றுக்கு மேல் துளையிட்டதால் செல்லாதவை 19,000-க்கும் அதிகம். புளோரிடாவில் கோரின் முக்கியப் போட்டியாளர் புஷ் வென்றதோ 537 வாக்கு வித்தியாசத்தில்.

நல்லெண்ணத்தில் பிறந்த இந்தக் கோளாறை முன்பே எந்த முறை பிடித்திருக்கும்?

முதலில் எஃப்.எம்.இ.ஏ., அதாவது எது எப்படிப் பழுதாகும், விளைவு என்ன என்று பட்டியலிட்டு அலசும் முறை. அமெரிக்க ராணுவத்தில் 1949இல் எழுதப்பட்ட நடைமுறையிலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு பழுதுக்கும் பாதிப்பு, நிகழும் வாய்ப்பு, கண்ணில் படாமல் தப்பும் வாய்ப்பு என மூன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டுப் பெருக்குவார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய 10×2×2-உம் 40, அற்பமான 2×5×4-உம் 40! கார்த் தொழிலின் 2019 கையேடு இந்தப் பெருக்கலைக் கைவிட்டதில் வியப்பில்லை. பிரேக் வடிவமைப்பவருக்கு இந்த அட்டவணை இல்லாமல் முடியாது. ஆனால் 'வாக்காளர் தவறான துளையில் குத்துவார்' என்ற வரி அதில் ஏற, அது முதலில் யாருக்காவது தோன்றியிருக்க வேண்டுமே.

ப்ரீ-மார்ட்டம் வேறு வகை. உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிய கட்டுரை வழியே பரவலாக அறியப்பட்டது. திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, காரணங்களை ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். கூட்டத்தில் வாய் திறக்காத இளையவர்களின் ஐயங்கள் வெளிவரும். 'அச்சுக்கு அவசரப்பட்டோம்', 'முதியவர்களிடம் கொடுத்துப் பார்க்கவில்லை' போன்ற நிர்வாக ஓட்டைகளைக் காட்டும். சீட்டில் கோடு எங்கே பிசகியது என்பதைக் காட்டுமா என்பது சந்தேகம்தான்.

அங்கேதான் வேண்டுமென்றே கெடுக்கும் வழிகளைத் தேடும் ரிவர்ஸ் பிரெயின்ஸ்டார்மிங் முந்துகிறது. 'கோருக்கு வாக்களிக்க வந்தவரை வேறொருவருக்குக் குத்தவைப்பது எப்படி?' என்று கேளுங்கள். பெயர் வரிசையும் துளை வரிசையும் ஒத்துப்போகக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே துளை வரிசை. தவறியவர் அதை உணரவே கூடாது. பட்டியலை வரைவின் பக்கத்தில் வைத்தால், பாதி ஏற்கெனவே நடந்தேறியிருப்பது தெரியும். சக ஊழியரின் வேலையில் குற்றம் சொல்லத் தயங்குபவர்கள்கூடக் கெடுக்கச் சொன்னால் போட்டி போடுவார்கள்!

குறைகள் உண்டு. 'வாக்குச்சாவடியைப் பூட்டிவிடலாம்' என்ற வேடிக்கைகள் நேரத்தைத் தின்னும். எது பெரிய ஆபத்து என்று தரம் பிரிக்காது. சிரித்துவிட்டு, ஒவ்வொரு சதியையும் தீர்வாகத் திருப்பாமலே கலைந்துவிடும் கூட்டங்கள் ஏராளம்.

படிவம், திரை, பலகை என மனிதர் கையாளும் எதற்கும் என் தேர்வு இதுவே. அதுவும் பென்சில் வரைவு நிலையில். அச்சுத் தேதி குறித்த பிறகு ப்ரீ-மார்ட்டம் போதும். கூட்டத்துக்கு வாக்குச்சாவடி ஊழியர் ஒருவரையாவது அழைக்க வேண்டும். வரைந்தவர்கள் மட்டும் உட்கார்ந்தால் தங்களுக்குத் தெரிந்த வழிகளில்தான் கெடுப்பார்கள்.