வெயிலில் அச்சான பெரணி: ஒரு வசந்தகாலக் கலைப் பட்டறைத் தொடரின் மதிப்பீடு

வசந்தகாலம் பிறந்ததும் நகரத்துக் கலை மையங்கள் வெளியிடும் நிகழ்ச்சி நிரல்களில், ஒரே பிற்பகலில் ஒரு கலையைக் கற்றுத் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் வரிசையாக இடம்பெறுகின்றன. இந்த ஆண்டு அத்தகைய தொடர் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்து, நீல அச்சு, மட்பாண்டம், லினோ செதுக்கு அச்சு (லினோலியம் என்ற மென்மையான தகட்டைச் செதுக்கி, மை பூசி அச்சிடுவது) ஆகிய மூன்று பட்டறைகளிலும் தொடக்கம் முதல் இறுதிவரை கலந்துகொண்டேன். முதல் முயற்சி தவறிப்போனால் இரண்டாவது முயற்சிக்கு நேரமும் பொருளும் கிடைக்கின்றனவா என்பதையே மூன்றிலும் கவனித்தேன். கைவேலையில் முதல் முறை சொன்னபடி செய்கிறோம். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது இரண்டாவது முறைதான் புரிகிறது.

அந்த வகையில் நீல அச்சுப் பட்டறை மற்ற இரண்டையும் வெகுதூரம் விஞ்சி நின்றது. சயனோடைப் எனப்படும் இந்த முறையை 1842இல் கண்டறிந்தவர் வானியலாளரான ஜான் ஹெர்ஷெல். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகியவற்றின் கரைசல்களைச் சம அளவில் கலந்து தாளில் பூசி, வெளிச்சம் படாமல் உலர்த்தி, அதன் மேல் ஓர் இலையையோ நெகட்டிவையோ வைத்து வெயிலில் காட்ட வேண்டும். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றமடைந்து பிரஷ்யன் நீலம் என்ற அடர் நீல நிறமியாகத் தாளின் இழைகளில் தங்கிவிடுகிறது. இலை மறைத்த இடத்துப் பூச்சு கழுவும்போது கரைந்து ஓடி, தாளின் வெண்மை வெளிப்படுகிறது. இதற்குக் கேமரா வேண்டாம். முழு இருட்டறையும் வேண்டாம், பூசுவதற்கு மங்கலான குண்டு பல்பின் வெளிச்சமே போதும்.

பயிற்றுநர் கரைசல்களை முன்கூட்டியே தயாரித்து வைக்காதது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 100 மில்லி நீருக்கு 25 கிராம் சிட்ரேட் என்றும், வேறொரு குடுவையில் அதே அளவு நீருக்கு 10 கிராம் ஃபெரிசயனைடு என்றும் எங்களையே நிறுத்துக் கலக்க வைத்தார். பெயரில் 'சயனைடு' இருப்பதைப் பார்த்துச் சிலர் தயங்கியபோது, அது இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் முறையாகக் கையாண்டால் அபாயம் குறைவு என்பதையும், வலுவான அமிலத்தோடு மட்டும் அதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்பதையும் பொறுமையாக விளக்கி, கையுறை அணிந்த பிறகே தூரிகையைக் கையில் கொடுத்தார்.

என் முதல் அச்சு தேறவில்லை. பெரணியின் காம்பு தடித்திருந்ததால் இலை தாளோடு படியாமல் நுனியில் தூக்கிக்கொண்டு நின்றது; அந்த இடுக்கில் வெளிச்சம் புகுந்து ஓரங்கள் முழுவதும் கலங்கிப்போயின. பயிற்றுநர் அதை ஒதுக்கிவிடச் சொல்லாமல், கண்ணெதிரே வைத்துக்கொண்டு இரண்டாவதைச் செய்யச் சொன்னார். காம்பின் பின்புறத்தை பிளேடால் மெல்லச் சீவி, இலையைக் கண்ணாடித் தகட்டின் அடியில் பரப்பி, நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கி, பன்னிரண்டு நிமிடம் வெயிலில் வைத்தேன். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த பூச்சு நீலமாகி, அந்த நீலமும் மங்கிச் சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்கு வரும்வரை எடுக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த நிலையில் தாளைப் பார்ப்பவர்களுக்கு அது பாழாகிவிட்டதாகவே தோன்றும். அடுத்த மேசையிலிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, என்னுடையது கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறதே" என்று கவலைப்பட்டார். "தண்ணீரில் போட்டுவிட்டுச் சொல்லுங்கள், ஐயா" என்றார் பயிற்றுநர். தட்டில் இருந்த நீரில் தாள் மூழ்கியதும் மஞ்சள் நிறம் புகைபோலப் பிரிந்து வெளியேற, இலையின் நரம்புகள் ஒவ்வொன்றாக வெள்ளைக் கோடுகளாகத் தெளிந்து வந்தன. பெரியவர் வெகுநேரம் அந்தத் தட்டை விட்டு நகரவில்லை. உலர உலரக் காற்றிலுள்ள ஆக்சிஜனால் நீலம் மேலும் அடர்கிறது. சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்ட நீரில் முக்கினால் அந்த ஆழம் உடனே கிடைத்துவிடுகிறது.

இந்தப் பட்டறையை வசந்தகாலத்தில் வைத்ததற்குத் தகுந்த காரணம் உண்டு. தளிர் இலை மெல்லியது. அதனூடே சிறிது வெளிச்சம் கசிவதால் நரம்பும் மடிப்பும் அச்சில் விழுகின்றன. முற்றிய இலை வெறும் வெள்ளை நிழலுருவத்தை மட்டுமே தரும். இடைவேளையில் பயிற்றுநர், ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இதே முறையில் அச்சிட்ட பக்கங்களின் நகல்களைக் காட்டினார். 1843இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட அந்தத் தொகுப்பே, புகைப்படங்களைக் கொண்டு விளக்கப்பட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. அதிலுள்ள எழுத்துகளும் அவருடைய கையெழுத்தின் நீல அச்சுகளே என்று அறிந்தபின், என் பெரணியின் கீழே அதன் பெயரை எழுதிச் சேர்க்காமல் விட்டோமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மட்பாண்டப் பட்டறையை இப்போதிருக்கும் வடிவில் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பன்னிரண்டு பேருக்கு நான்கு சக்கரங்கள், மொத்தம் இரண்டு மணி நேரம் என்று அமைத்திருந்ததால், ஒருவர் சக்கரத்தில் உட்காரக் கிடைத்தது அரை மணிக்கும் குறைவான நேரமே. சுழலும் களிமண் உருண்டையை அசைவின்றி நடுவில் நிறுத்துவது பலருக்கு வாரக்கணக்கில் பழகினாலே கைவரும். அதற்கு முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும் என்ற அடிப்படைக் குறிப்பைக்கூட என் நேரம் முடியும் தறுவாயில்தான் கேட்டேன். செய்த கிண்ணத்தை அன்றே கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தில் வந்தவர்கள் பலர். ஈர மண் மெதுவாக உலர வேண்டும், ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் முதல் சூளையேற்ற வேண்டும், மெருகுப் பூச்சு பூசி மறுபடியும் சுட வேண்டும் என்பதை அறிவிப்பிலேயே தெரிவித்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் தருவதாகச் சொல்லப்பட்ட என் கிண்ணம் ஏழாவது வாரத்தில் வந்து சேர்ந்தது. அதன் அடியில் எஸ் வடிவில் நீண்ட விரிசல். குழிவான அடிப்பகுதியை விரலால் அழுத்தி இறுக்காமல் விட்டால் உலரும்போது மண் சுருங்கி இவ்வாறு பிளக்கும் என்பது மண் வேலை செய்பவர்கள் எல்லோரும் அறிந்தது. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் ஒதுக்கப்படாததுதான் என் குறை. பயிற்றுநரின் திறமையில் எனக்கு ஐயமில்லை. சக்கரத்தை விட்டுவிட்டு, மண்ணைச் சுருளாகத் திரித்து அடுக்கிக் கையால் கலம் வனையும் முறையைக் கற்பித்திருந்தால், அதே இரண்டு மணி நேரம் அனைவருக்கும் பயன்பட்டிருக்கும்.

லினோ செதுக்கு அச்சுப் பட்டறை குறையின்றி நடந்தது. லினோலியம் தகட்டைச் சற்றுச் சூடாக்கினால் உளி இழுக்க எளிதாகிறது, பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும், எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்ற மூன்றையும் முதல் பத்து நிமிடங்களில் பழக்கிவிட்டார்கள். மாலையில் முற்றத்தில் ஒலிபெருக்கியின்றி நடந்த இசை நிகழ்ச்சி இனிமையாக இருந்தது. பின்வரிசைக்கு இருக்கைகள் போதவில்லை.

பதிவு செய்ய விரும்புவோர், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை தாள் அல்லது எவ்வளவு மண், செய்த பொருள் எப்போது கைக்கு வரும் என்ற விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுவது நல்லது. நீல அச்சுப் பட்டறையில் ஒருவருக்கு ஆறு தாள்கள் கொடுத்தார்கள். மேகமூட்டமான நாளாக இருந்தால் அச்சாக நேரம் கூடும் என்பதற்காக அரை மணி நேரம் கூடுதலாகவும் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அதே பயிற்றுநர், நீல அச்சைச் சலவைச் சோடாக் கரைசலில் வெளுக்கச் செய்து, தேயிலைச் சாற்றிலுள்ள டானின் கொண்டு கரும்பழுப்பாக மாற்றும் இன்னொரு பட்டறையை அறிவித்திருக்கிறார். அதற்குப் பதிவு செய்துவிட்டேன். கலங்கிப்போன அந்த முதல் பெரணி அச்சையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.